மணிக்கட்டு முறிவு: அறுவையா, மாவுக்கட்டா?

குளியலறையில் கால் வழுக்குகிறது. விழப்போகிறோம் என்று மூளைக்கு எட்டுமுன் கை தானாக நீண்டு தரையில் ஊன்றிக்கொள்கிறது. உடலின் எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்க, ஆரை எலும்பின் நுனி முறிகிறது. அறுபது கடந்தவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, அடிக்கடி நேரும் முறிவு இது. எக்ஸ்ரேயில் எலும்பு பின்பக்கம் மடங்கிக் கிடப்பதைப் பார்த்ததும் வீட்டில் கலவரம். வெளியூர் மகன் வாட்ஸ்அப்பில் படத்தைப் பார்த்துவிட்டு, "பேசாம பிளேட் வெச்சுடுங்கம்மா" என்கிறார். அவசரப்பட வேண்டாம்.

எக்ஸ்ரே வேறு, கை வேறு

எக்ஸ்ரே வருவதற்கு 81 ஆண்டுகள் முன்பே, 1814இல், டப்ளின் அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் இந்த முறிவைப் பற்றி எழுதினார். கோணல் கடைசிவரை இருக்கும், ஆனாலும் காலப்போக்கில் வலி போய்க் கை நன்றாக அசையும் என்பது அவர் கணிப்பு. இளைஞர்களுக்கு இதை அப்படியே சொல்ல முடியாது. முதியவர்கள் விஷயத்தில் அவர் பெரும்பாலும் சரி.

ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் நகரில் 65 வயதுக்கு மேற்பட்ட 73 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு அறுவை செய்து உலோக பிளேட்டும் மறு சாராருக்கு மாவுக்கட்டும் போட்டுப் பார்த்தார்கள். 2011இல் முடிவு வெளியானது. எக்ஸ்ரேயில் பிளேட் வைத்த எலும்புதான் நேர்த்தி; பிடிமான வலுவும் அவர்களுக்குச் சற்றுக் கூடுதல். ஆனால் ஓராண்டு கழித்து வலியிலும் அன்றாட வேலையிலும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. சிக்கல்கள் அறுவை செய்தவர்களிடமே அதிகம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவமனைகளில் 60 வயது கடந்தவர்களிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்விலும், ஓராண்டு முடிவில் பிளேட்டுக்குப் பெரிய அனுகூலம் தெரியவில்லை.

பிளேட்டுக்கு உள்ள உண்மையான லாபம் முதல் சில மாதங்களில்தான்: கை சீக்கிரம் வேலைக்கு வருகிறது. தனியாக வாழ்பவருக்கோ, கைத்தடி ஊன்றி நடப்பவருக்கோ இது சின்ன விஷயமல்ல. மறுபக்கம், மயக்க மருந்து, தொற்று, ஸ்க்ரூ உரசித் தசைநாண் அறுந்துபோவது, சிலருக்கு பிளேட்டை எடுக்க இன்னொரு அறுவை. மருத்துவரிடம் "எலும்பு நேராகுமா?" என்பதோடு, "அம்மா இந்தக் கையால் என்னென்ன செய்கிறார்" என்பதையும் பேசுங்கள்.

அறுவை தேவைப்படும் இடங்கள்

தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தாலோ, நரம்பு நசுங்கி விரல்களில் மரப்பு கூடிக்கொண்டே போனாலோ, மூட்டே இடம் பெயர்ந்திருந்தாலோ தயங்கக் கூடாது.

கட்டுப் போட்ட பிறகு

மாவுக்கட்டு என்றால் கையைச் சும்மா வைத்திருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய தொல்லை தருவது பெரும்பாலும் கோணல் அல்ல, விறைத்துப்போன விரல்கள்தான். முதல் நாளிலிருந்தே விரல்களை முழுதாக மடக்கி நீட்டவும், முழங்கையையும் தோளையும் அசைக்கவும் வேண்டும். மோதிரம், வளையல்களை உடனே கழற்றிவிடுங்கள். வீக்கம் வந்தபின் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். விரல் நீலம் பாய்ந்தாலோ, கட்டுக்குள் வலி ஏறிக்கொண்டே போனாலோ இரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். மூங்கில் பத்தை வைத்து இறுக்கும் நாட்டுக்கட்டில் ரத்த ஓட்டம் நின்று கையையே இழந்தவர்கள் உண்டு.

இழுத்துச் சரிசெய்த எலும்பு முதல் இரண்டு மூன்று வாரங்களில் மறுபடி நகரலாம். அதனால்தான் அப்போது திரும்பவும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். கட்டு பொதுவாக ஐந்தாறு வாரம். அதற்குப் பிறகும் ஒன்றைக் கவனியுங்கள்: நன்றாக இருந்த கட்டைவிரலைத் திடீரென்று மேலே தூக்க முடியாமல் போனால், முறிவிடத்தில் உரசி அதன் தசைநாண் அறுந்திருக்கக்கூடும். எலும்பு நகராத எளிய முறிவிலும் இது நேரும்.

ஏன் முறிந்தது?

நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தால், எலும்பு மெலிந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இப்படி முறிந்தவர்களுக்குப் பின்னாளில் இடுப்பெலும்பு முறியும் வாய்ப்பு கூடுதல். ஆனால் கை சரியானதும் பல வீடுகளில் இந்தப் பேச்சு அத்தோடு நின்றுவிடுகிறது. கட்டுப் பிரிக்கப் போகும்போதே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றியும், வைட்டமின் டி அளவு பற்றியும், எலும்பு மெலிவுக்கு மருந்து தேவையா என்றும் கேளுங்கள். குளியலறையில் ஒரு கைப்பிடிக் கம்பியையும் அந்த வாரமே பொருத்திவிடுங்கள்.