பெருநாள் சைக்கிளும் மலைப்பாதையும்

நோன்பு விடுமுறையும் பெருநாளும் நெருங்கி வரும்போது பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்கும் பொருட்களில் சைக்கிளுக்கு எப்போதும் தனி இடம் உண்டு. கொழும்பில் இருக்கும் மாமாவோ சாச்சாவோ ஒன்றை வாங்கி, "வரும்போது காரிலேயே ஏற்றிக்கொண்டு வாறேன்" என்று சொல்லிவிட்டால் போதும், ஊரில் பிள்ளைக்குத் தூக்கம் வராது. 2022ஆம் ஆண்டு எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்ற பிறகு, பெரியவர்களுக்கும் சைக்கிளின் அருமை தெரிந்துவிட்டது. எனவே மலையகம் நோக்கி வரும் கார்களிலும் வேன்களிலும் சைக்கிள் ஏறுவது இன்று சாதாரணக் காட்சி.

ஆனால் அந்தச் சைக்கிளை எப்படி ஏற்றுகிறோம், எதனால் கட்டுகிறோம், பிள்ளைகளை எங்கே உட்கார வைக்கிறோம் என்பதில் நாம் போதிய கவனம் செலுத்துவதில்லை. "அது ஆம்பிளைகள்ட வேலை" என்று ஒதுங்கியும் விடுகிறோம். வாகனத்தை ஓட்டுவது யாராக இருந்தாலும், பின் ஆசனத்தில் பிள்ளைகளோடு அமர்ந்து வருவது பெரும்பாலும் தாய்தானே! ஆகவே இந்த விடயங்களை அவளும் அறிந்திருப்பது அவசியம்.

பெரகல சந்தியை நினைத்துப் பாருங்கள்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, பெலிஹுல்ஓயா, ஹல்துமுல்ல வழியாக ஏறி வரும் ஏ4 வீதி பெரகல சந்தியில் பிரிகிறது. ஒரு பாதை ஏ16 என்ற பெயரில் ஹப்புத்தளை, பண்டாரவளை என்று மேலே ஏறி ஹாலிஎலையை அடைகிறது. ஏ4 வீதியோ கொஸ்லந்தை, தியலும நீர்வீழ்ச்சி வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. கடல் மட்டத்தில் புறப்படும் கார் ஹப்புத்தளையை அடையும்போது 1,400 மீற்றருக்கு மேல் ஏறியிருக்கும். வழியெங்கும் வளைவு, திடீர் மழை, கண்ணை மறைக்கும் மூடுபனி, பள்ளத்தாக்கிலிருந்து மேலெழும் காற்று. சமதரையில் அசையாமல் வந்த கட்டு இங்கே ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும்.

இந்தப் பகுதி வீதிகள் தவறை எளிதில் மன்னிப்பதில்லை. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. பாரம் ஏற்றிய வாகனம் இறக்கத்தில் எத்தனை நிதானமாக இறங்க வேண்டும் என்பதற்கு அது பெரும் பாடம்.

கட்டாத சைக்கிள் என்ன செய்யும்?

சிறு கணக்கு ஒன்று. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் எதிலாவது மோதித் திடீரென நின்றால், உள்ளே கட்டாமல் கிடக்கும் பொருள் அதே வேகத்தில் முன்னே பாயும். அந்த வேகம் ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகத்துக்குச் சமம். அதாவது, 15 கிலோ இரும்புச் சைக்கிள் ஒன்று உயர்ந்த தென்னையின் உச்சியிலிருந்து பிள்ளையின் தலையில் விழுவது போன்றது. இதை ஒருமுறை மனதில் பதித்துக்கொண்டால், "கிட்டத்தானே போறோம்" என்று சொல்ல வாய் வராது.

காருக்குள் வைப்பதானால்

சிறுபிள்ளைகளின் சைக்கிளுக்கு காரின் உட்புறமே மிகப் பாதுகாப்பான இடம். முன்சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, பெடல்களையும் கழற்றிவிட்டால் இடம் பாதியாகக் குறையும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வலது பெடல் வழக்கம்போல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கழலும். இடது பெடலோ கடிகார முள் சுற்றும் திசையில்தான் கழலும். இது தெரியாமல் முழுப்பலத்தோடு திருகி மரையைக் கெடுத்துக்கொள்பவர்கள் பலர்.

செயினைப் பழைய துணியால் சுற்றுங்கள். பெருநாள் உடுப்பில் கிறீஸ் பட்டால் போகாது. செயின் உள்ள பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள். முன் ஆசனங்களின் முதுகோடு ஒட்டிவைத்து, காரின் தரையில் உள்ள கொக்கிகளிலோ ஆசனத்தின் இரும்புச் சட்டத்திலோ கட்டுங்கள். கழற்றிய பெடல், பம்ப், சாவிகளை ஒரு பையில் போட்டு ஆசனத்துக்குக் கீழே திணியுங்கள். சைக்கிளுக்குப் பக்கத்தில் பிள்ளையை உட்கார வைக்கவே வேண்டாம். இடம் போதாவிட்டால் சைக்கிள் வேறொரு நாள் வரட்டும்.

டிக்கியைத் திறந்தபடி ஓட வேண்டாம்

சைக்கிள் முழுதாக உள்ளே போகாதபோது டிக்கியை அரைகுறையாகத் திறந்து கயிற்றால் கட்டி ஓடும் பழக்கம் நம்மிடம் உண்டு. சைக்கிள் விழுவதைவிடப் பெரிய ஆபத்து இதில் ஒளிந்திருக்கிறது. ஓடும் காரின் பின்னால் காற்றின் அழுத்தம் குறைவதால், சைலன்சர் வழியே வெளியேறும் புகை திறந்த டிக்கியால் உள்ளே இழுக்கப்படும். அதிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், தலைச்சுற்று, தூக்கம் ஆகியவை அதன் முதல் அறிகுறிகள்.

மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு வாந்தியெடுக்கும் பிள்ளைகளைக் கண்டு பழகிய நாம், இதையும் "பயணக் கோளாறு" என்று எண்ணி எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்துவிட்டு இருந்துவிடக்கூடும். ஒரே நேரத்தில் பலருக்குத் தலை வலித்தால், பிள்ளை வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து தூங்கினால், உடனே வாகனத்தை நிறுத்தி எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். தெளியாவிட்டால் வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

கூரையில் ஏற்றுவதானால்

பிரான்ஸ் சைக்கிளோட்டப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு, வீரர்களின் பின்னால் வரும் கார்களின் கூரையில் சைக்கிள்கள் நிமிர்ந்து நிற்பது நினைவிருக்கும். அதற்கென்றே செய்யப்பட்ட தாங்கிகள் அவை. 1942இல் சுவீடனில் மீன்பிடிப் பொறி விற்கத் தொடங்கிய தூலே என்ற நிறுவனம், இன்று இத்தகைய தாங்கிகளால் உலகெங்கும் அறியப்படுகிறது.

நம் வேன்களில் உள்ள சாதாரணக் கரியரிலும் சைக்கிளைப் பாதுகாப்பாகக் கொண்டுவரலாம். சீட்டும் ஹேண்டிலும் கீழே இருக்கும்படி தலைகீழாக வைத்து, ஹேண்டிலின் இருபுறமும், சீட்டிலும், பின்சக்கரத்துக்கு அருகிலும் என நான்கு இடங்களில் கட்ட வேண்டும். கூரை எவ்வளவு பாரம் தாங்கும் என்பது காரின் கையேட்டில் இருக்கும். பல சிறிய கார்களில் அது 50 கிலோ அளவில்தான். கரியரின் பாரமும் அதில் அடக்கம்.

கரியர் இல்லாத வெறும் கூரையில் வைத்து, ஜன்னல் வழியே கயிற்றை உள்ளே விட்டுக் கட்டுவது கூடாது. கதவுகள் கட்டுண்டு போய், ஆபத்தில் பிள்ளைகளை வெளியே எடுக்க முடியாமல் போகும். மழைக்காகப் பொலித்தீன் போர்த்தவும் வேண்டாம். காற்று அதைப் பாய்மரமாக ஊதிவிடும். கூடை, மணி, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் முன்பே கழற்றிவிடுங்கள். கூரையில் பாரம் இருப்பதை மறந்து, வீட்டுப் போர்ட்டிகோவிலோ தாழ்ந்த மரக்கிளையிலோ மோதுவதும் நடக்கிறது. மொத்த உயரத்தை அளந்து, கடதாசித் துண்டில் எழுதி ஸ்டியரிங் அருகே ஒட்டி வையுங்கள்.

பின்னால் தொங்கவிடுவதானால்

இலக்கத் தகடும் பின் விளக்குகளும் மறையக் கூடாது. மூடுபனியில் பின்னால் வரும் லொறிக்கு உங்கள் சிவப்பு விளக்குத்தான் வழிகாட்டி. டயர் சைலன்சர் வாய்க்கு நேரே இருந்தால் வெப்பத்தில் கெட்டுவிடும். ஹேண்டிலைத் திருப்பிக் கட்டி, வாகனத்தின் அகலத்துக்கு வெளியே எதுவும் நீட்டாமல் பாருங்கள். ஒடுங்கிய வளைவில் எதிரே பஸ் வரும்போது அரை அடியும் பெரிய விடயம்.

எதனால் கட்டுவது?

பிடிப்புக் கிளிப்புடன் வரும் அகன்ற நாடாப் பட்டிகளே சிறந்தவை. நைலோன் கயிறு நனைந்தால் நீளும்; வழுவழுப்பான பிளாஸ்டிக் கயிற்றில் முடிச்சு நழுவும். இரு முனையிலும் கொக்கி உள்ள ரப்பர் கயிற்றை மட்டும் நம்ப வேண்டாம். இழுத்து மாட்டும்போது கொக்கி தவறினால் நேரே கண்ணைத் தாக்கும். அந்நேரம் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பழைய சைக்கிள் டியூபை வெட்டி எடுத்த பட்டிகள், உராயும் இடங்களில் சுற்றி வைக்க மிக நல்லவை.

கட்டி முடித்ததும் சைக்கிளைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சைக்கிள் மட்டும் ஆடினால் கட்டுப் போதாது; வாகனமும் சேர்ந்து ஆட வேண்டும். புறப்பட்டுப் பத்துப் பதினைந்து கிலோமீற்றரில் ஒருமுறை, மலையேறத் தொடங்குமுன் பெலிஹுல்ஓயாவில் ஒருமுறை, பெரகல சந்தியில் ஒருமுறை இறங்கிச் சோதிப்பது நல்லது. மழைக்காலத்தில் மண்மேட்டின் அடியில் நிறுத்த வேண்டாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்து லயன்களை மண்சரிவு மூடியது இந்தப் பக்கத்தில்தான். கடைகள் உள்ள, அகன்ற இடமே நிறுத்தத் தகுந்தது.

இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் தாழ்ந்த கியரில் இறங்கச் சொல்லுங்கள். கூரையில் பாரம் இருந்தால் வளைவில் வாகனம் கூடுதலாகச் சாயும். இத்தனை தொல்லை வேண்டாம் என்பவர்கள் புகையிரதத்தில் பார்சலாக அனுப்ப முடியுமா என நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம். மண்சரிவால் மலையகப் பாதை தடைப்படும் காலங்களில் அது கைகொடுக்காது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

வீடு வந்த பிறகு

சைக்கிளை இறக்கிய உடனே ஏறி ஓடத்தான் பிள்ளை துடிக்கும். ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள். முன்சக்கரத்தின் நட்டுகள் இறுகியுள்ளனவா, ஹேண்டில் நேராக உள்ளதா, பெடல்கள் முழுதாக ஏறியுள்ளனவா என்று பாருங்கள். பின்னர் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னே தள்ளுங்கள். சக்கரம் உருளக் கூடாது. முதல் ஓட்டம் சமதரையில், தலைக்கவசத்தோடு இருக்கட்டும். ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்து வீடுகளின் வாசலிலேயே இறக்கம் தொடங்கிவிடுகிறது. பிரேக் பிடிக்கிறதா என்பதை அந்த இறக்கத்தில் போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது.