தடுப்பூசிக்குள்ளே ஒரு ஈஸ்ட் கதை

'மரபணு மாற்றம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தால் போதும், நம்மாளுங்க படிக்காமலே பத்து குரூப்புக்கு ஃபார்வர்டு செய்துவிடுகிறார்கள். ஆனால் வெளிநாட்டிலும் சரி, ஊரிலும் சரி, நம் பிள்ளைகளுக்குப் போடும் ஹெபடைடிஸ் பி ஊசி பெரும்பாலும் மரபணு மாற்றிய ஈஸ்ட்டில் தயாரானதுதான். அப்ப மாவைப் பொங்க வைக்கிறதே, அதே ஈஸ்ட் குடும்பம்!

எப்படிச் செய்கிறார்கள்? நான் கம்ப்யூட்டர்காரன்தான், ஆனாலும் இது எனக்கே புரிந்தது. தேவையான மரபணுவை 'பிளாஸ்மிட்' என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் சேர்க்கிறார்கள். ஈஸ்ட்டின் சுவர் கெட்டியானது, சும்மா உள்ளே விடாது. 1978-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹின்னன், ஹிக்ஸ், ஃபிங்க் மூவரும் அந்தச் சுவரை நீக்கிவிட்டு டிஎன்ஏவை உள்ளே அனுப்பிக் காட்டினார்கள். இப்போது சுவரை எடுக்க வேண்டியதில்லை. லித்தியம் அசிடேட் போன்ற ரசாயனங்களைக் கலந்து, 42 டிகிரி சூட்டில் கொஞ்ச நேரம் வைக்கிறார்கள்.

அப்படியும் மிகச் சில செல்களே டிஎன்ஏவை ஏற்கும். அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? லூசின் என்ற சத்தைத் தானே தயாரிக்க முடியாத ஈஸ்ட்டை முதலிலேயே தேர்ந்தெடுக்கிறார்கள். அதைத் தயாரிக்கும் மரபணுவையும் பிளாஸ்மிட்டில் வைத்துவிடுகிறார்கள். லூசின் இல்லாத தட்டில் வளர்த்தால், பிளாஸ்மிட்டை வாங்கிய செல் மட்டும் பிழைக்கும். பாஸ்வேர்டு இருந்தால்தான் லாகின் என்கிற மாதிரி.

1981-ல் அமெரிக்காவில் வந்த முதல் ஹெபடைடிஸ் பி ஊசி, நோய்த்தொற்று உள்ளவர்களின் ரத்தத்திலிருந்து எடுக்கப்பட்டது. எய்ட்ஸ் பயம் பரவிய நேரம், பலர் போட்டுக்கொள்ளத் தயங்கினார்கள். 1986-ல் ஈஸ்ட் ஊசிக்கு அனுமதி கிடைத்தது. வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவை மட்டும் ஈஸ்ட்டுக்குக் கொடுத்தார்கள். ஈஸ்ட் அந்தப் புரதத்தைச் செய்து தருகிறது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்து ஊசியாக்குகிறார்கள். அதில் வைரஸும் கிடையாது, ரத்தமும் கிடையாது. 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் வேறொரு ஈஸ்ட்டில் இதைத் தயாரித்து, இறக்குமதி ஊசியைவிட மிகக் குறைந்த விலையில் கொடுத்தது. ஊரில் அப்பா அம்மா போடும் இன்சுலினிலும் ஒரு பகுதி ஈஸ்ட்டில் விளைந்ததுதான்.

வயலில் விதைக்கும் மரபணு மாற்றப் பயிர் வேறு விஷயம். மகரந்தம் பரவுமா, விதை யாருக்குச் சொந்தம் என்று கட்டாயம் கேட்கணும். மூடிய தொட்டிக்குள் வளரும் ஈஸ்ட்டை அதோடு சேர்த்துக் குழப்பினால் நஷ்டம் குழந்தைக்குத்தான். பிறக்கும்போதே இந்த வைரஸ் தொற்றும் குழந்தைகளில் 100-க்குச் சுமார் 90 பேருக்கு அது நாள்பட்ட நோயாகத் தங்கிவிடுகிறது. பின்னாளில் கல்லீரல் புற்றுநோய் வரைக்கும் போகலாம்.

அதனால் அடுத்த மெசேஜ் வரும்போது மூன்றே கேள்வி கேளுங்க: எந்த மரபணு, எதற்குள் வைத்தார்கள், நம் உடம்புக்குள் கடைசியில் வருவது என்ன? பதில் தெரிந்தபிறகு ஃபார்வர்டு பண்ணலாம்.