‘வரமாட்டேன்’ என்றாள் ஏழு வயது மகள்

1972. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஆல்கலி லேக் என்ற சிற்றூர். பாட்டி வீட்டில் விட்டிருந்த பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தார் ஃபிலிஸ் செல்ஸி. ஏழு வயது மகள் இடத்தைவிட்டு அசையவில்லை. அம்மாவும் அப்பாவும் குடிக்கிற வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

ஃபிலிஸ் அன்றோடு குடியை விட்டார். சில நாட்களில் கணவர் ஆண்டியும் விட்டார். ஊரே குடித்துக் கிடந்த காலம் அது. ‘ஆல்கஹால் லேக்’ என்று அக்கம்பக்கத்தார் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். குடிகார ஊர் என்று பேசியவர்களில் எத்தனை பேர், அந்த மக்கள் ஏன் இப்படி ஆனார்கள் என்று கேட்டிருப்பார்கள்?

ஊருக்கு மக்கள் வைத்த பெயர் எஸ்கெட். செக்வெப்மெக் பூர்வகுடியினரின் ஊர். வில்லியம்ஸ் லேக் நகரத்துக்கு அருகே 1891 முதல் 1981 வரை நடந்த செயின்ட் ஜோசப்ஸ் மிஷன் விடுதிப் பள்ளிக்குத்தான் இவர்களின் பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். அரசு பணம் கொடுத்தது, தேவாலயம் நடத்தியது. கனடா முழுக்க இப்படி 1,50,000-க்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் தண்டனை. 1902-ல் எஸ்கெட்டைச் சேர்ந்த டங்கன் ஸ்டிக்ஸ் என்ற சிறுவன் பள்ளியிலிருந்து தப்பி ஓடி, பிப்ரவரிக் குளிரில் வழியிலேயே செத்துக் கிடந்தான். 1973-ல் அதே பள்ளிக்கு ஆறு வயதில் போன ஃபிலிஸ் வெப்ஸ்டட் என்ற இன்னொரு சிறுமியிடம், பாட்டி ஆசையாக வாங்கித் தந்த ஆரஞ்சுச் சட்டையை முதல் நாளே கழற்றிக்கொண்டார்கள். அந்தச் சட்டைக்காகத்தான் இன்று செப்டம்பர் 30-ல் கனடாவெங்கும் பள்ளிப் பிள்ளைகள் ஆரஞ்சு உடுத்துகிறார்கள். டொரொண்டோவில் படிக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகளும்தான்.

விடுதியில் பட்ட அடி விடுதியோடு முடிந்திருந்தால் அது ஒரு தலைமுறையின் துயரமாக நின்றிருக்கும். ஆனால் பிள்ளை வளர்ப்பு என்பது பார்த்துப் பழகுவது. அழுகிற குழந்தையைத் தூக்கி அணைப்பதை, கோபம் வந்தாலும் கையோங்காமல் இருப்பதை, எந்தப் புத்தகமும் சொல்லித் தருவதில்லை. மணியடித்தால் எழுந்து, வரிசையில் நின்று, பிரம்படி வாங்கி வளர்ந்தவர்கள் தாய் தகப்பன் ஆனபோது அவர்களுக்குத் தெரிந்த வளர்ப்பு அதுதான். ஓஜிப்வே இனத்தைச் சேர்ந்த உளவியல் ஆய்வாளர் ஏமி பாம்பே இதை ஆராய்ந்திருக்கிறார். பெற்றோர் விடுதிப் பள்ளிக்குப் போயிருந்தால் பிள்ளைகளிடம் மன உளைச்சல் கூடுதலாக இருக்கிறது. தாத்தா பாட்டியும் போயிருந்தால் அதைவிடக் கூடுதல்.

எஸ்கெட்டில், குடியை விட்ட ஆண்டி செல்ஸி ஊர்த் தலைவரானார். அதன்பிறகு நடந்தவை எந்த மருத்துவமனையிலும் எழுதிக்கொடுக்கும் வைத்தியம் அல்ல. திருட்டுத்தனமாக மது விற்றவர்களைப் பிடிக்கப் போலீஸோடு சேர்ந்து, அடையாளமிட்ட நோட்டுகளைக் கொடுத்து வாங்கவைத்தார்கள். உதவித்தொகை குடிக்குப் போகாமலிருக்க, பணத்துக்குப் பதில் மளிகைக்கும் துணிக்கும் சீட்டு தந்தார்கள். எதிர்ப்பு பலமாக இருந்தது. யாராவது சிகிச்சைக்குப் போனால் அவர் பிள்ளைகளை ஊர் பார்த்துக்கொண்டது. அவர் திரும்புவதற்குள் வீட்டைப் பழுதுபார்த்து வைத்தார்கள், வேலைக்கும் ஏற்பாடு செய்தார்கள். கைவிட்டுப்போன முன்னோர் வழக்கங்களான வியர்வைக் குடில் சடங்கும் முரசும் ஊருக்குத் திரும்பின. 1980-களின் நடுவில், ஊர்க்காரர்கள் கணக்குப்படி 95 சதவீதம் பேர் குடியை விட்டிருந்தார்கள்.

கதை அங்கே சுபமாக முடிந்துவிடவில்லை. குடி போனதும், அது மூடி வைத்திருந்ததெல்லாம் மேலே வந்தது. மிஷன் பள்ளியில் நடந்த பாலியல் கொடுமைகளை ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினார்கள். 1960-களில் அந்தப் பள்ளியின் முதல்வராக இருந்து பின்னர் ஆயரான ஹியூபர்ட் ஓ’கானர் 1996-ல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. மறு விசாரணை என்றார்கள். 1998 ஜூனில், இன்னொரு விசாரணைக்குப் பதிலாக, ஆல்கலி லேக்கில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் தங்களுக்கு நேர்ந்ததை அவர் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவர் மன்னிப்புக் கேட்டார். மறு விசாரணைக்கு நிற்கவேண்டியவரை மன்னிப்போடு விட்டது நியாயமா? மனம் ஒப்ப மறுக்கிறது. ஆனால் நீதிமன்றத்தில் மீண்டும் ஒருமுறை குறுக்கு விசாரணைக்கு நின்று அல்லாடுவதை விட, தங்கள் மண்ணில் தங்கள் முறைப்படி பேசுவதைத் தேர்ந்த பாதிக்கப்பட்டவருக்கு அந்த உரிமை உண்டு.

எஸ்கெட் ஒரு விதிவிலக்கா? உளவியலாளர்கள் மைக்கேல் சாண்ட்லரும் கிறிஸ்டஃபர் லலோண்டும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஏறக்குறைய 200 பூர்வகுடிச் சமூகங்களில் இளைஞர் தற்கொலையை ஆராய்ந்து 1998-ல் வெளியிட்டார்கள். சில ஊர்களில் நிலைமை பயங்கரம். பாதிக்கும் மேற்பட்ட ஊர்களில் ஆய்வுக் காலத்தில் ஒரு இளைஞர்கூடத் தற்கொலை செய்துகொள்ளவில்லை. நில உரிமைக்குப் போராடும் ஊர், பள்ளியையும் சுகாதாரத்தையும் தானே நடத்தும் ஊர், தன் பண்பாட்டுக்கென ஒரு கூடம் வைத்திருக்கும் ஊர் என்று இவை கூடக்கூட, சாவு குறைந்தது.

இதெல்லாம் தெரிந்திருந்தும், இத்தகைய ஊர் முயற்சிகளுக்குப் பணம் கொடுக்க 35 கோடி டாலருடன் 1998-ல் தொடங்கிய பூர்வகுடிக் குணமாக்கல் அறக்கட்டளை, கூட்டாட்சி அரசு நிதியைத் தொடர மறுத்ததால் 2014-ல் கதவடைத்தது. விடுதிப் பள்ளிகளுக்காக அரசு நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டு அப்போது ஆறே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.