பச்சிளங்குழந்தையின் உறக்கமும் பாலூட்டலும்

பச்சிளங்குழந்தை என்பது பிறந்து 28 நாட்கள் நிறைவடையாத குழந்தையாகும். இப்பருவத்தில் குழந்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 14 முதல் 17 மணி நேரம் உறங்கும். 8 முதல் 12 முறை பாலும் அருந்த வேண்டும். அழாமல் நெடுநேரம் உறங்கும் குழந்தைக்கு வயிறு நிறைந்துள்ளது எனக் கருதுவது பொது வழக்கம். எனினும், முதல் இரு வாரங்களில் நீண்ட உறக்கம் பால் போதாமையின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

காரணங்கள்

பிறந்தவுடன் ஓரிரு மணி நேரம் விழித்திருக்கும் குழந்தை பின்னர் ஆழ்ந்து உறங்குவது இயல்பு. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் புகட்டத் தொடங்குமாறு உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கின்றது. 37 வாரங்களுக்கு முன் பிறந்த குழந்தைகளும் மஞ்சள் காமாலை மிகுந்த குழந்தைகளும் கூடுதலாக உறங்குவதுண்டு. காமாலையை உண்டாக்கும் பிலிருபின் என்னும் நிறமி பெரும்பாலும் மலத்துடன் வெளியேறுகின்றது. பால் குறைந்தால் மலம் கழிதல் குறைந்து, நிறமி குடலிலிருந்து மீண்டும் குருதியில் கலக்கின்றது. காமாலை மிகுந்தால் உறக்கம் மிகும். உறக்கம் மிகுந்தால் பால் மேலும் குறையும். குழந்தையை எழுப்பிப் பாலூட்டுவது இச்சுழற்சியைத் தடுக்கின்றது.

எழுப்பும் முறை

முதல் நாட்களில் குழந்தையின் எடை சற்றுக் குறைந்து, பொதுவாக 10 முதல் 14 நாட்களுக்குள் பிறப்பு எடையை மீண்டும் அடைகின்றது. அதுவரை மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறையேனும், இரவிலும், எழுப்பிப் பாலூட்டுதல் வேண்டும். போர்த்திய துணியை விலக்குதல், ஈரத்துணியை மாற்றுதல், உள்ளங்காலையும் முதுகையும் வருடுதல், தாயின் வெற்று மார்பில் அணைத்தல் ஆகியன பயன்தரும். இமை அசையும்போதும் வாய் குவியும்போதும் எழுப்புவது எளிது. அழுகை பசியின் கடைசி அறிகுறியாகும். பாதியில் உறங்கினால் மறுபக்க மார்பில் தொடரலாம்.

தமிழ்நாட்டு வழக்கங்கள்

தமிழ்நாட்டில் குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டித் தூளியில் இடுவது வழக்கம். குளித்த குழந்தை நெடுநேரம் உறங்குமாதலால், அடுத்த பாலூட்டும் நேரத்தைக் கணக்கில் கொள்ளவேண்டும். சாம்பிராணிப் புகை மூச்சுப்பாதையை உறுத்தக்கூடும். சேனை என்னும் பெயரில் சருக்கரைநீரோ தேனோ தருவது சீம்பாலின் இடத்தைப் பறிக்கின்றது. தேன் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நச்சுநோயையும் உண்டாக்கலாம். உறிஞ்ச இயலாத குழந்தைக்குப் பிழிந்தெடுத்த தாய்ப்பாலைப் பாலாடையால் புகட்டுவது மருத்துவமனைகளிலும் உள்ள முறை. ஆனால் உறங்கும் குழந்தையின் வாயில் ஊற்றினால் பால் மூச்சுக்குழலுள் செல்லக்கூடும். எனவே விழித்த நிலையில், நிமிர்த்திப் பிடித்து, சிறிது சிறிதாகப் புகட்டவேண்டும்.

அன்றாட ஒழுங்கு

இரவு பகல் வேறுபாடு ஏறத்தாழ இரண்டு, மூன்று மாதங்களில்தான் குழந்தைக்குப் படியத் தொடங்கும். அதற்கு முன் கடிகாரப்படி பாலை வரையறுத்தல் தகாது. பகலில் வெளிச்சமும் பேச்சும், இரவில் மங்கிய ஒளியும் அமைதியும் இருந்தால் ஒழுங்கு மெல்ல அமையும். ஐந்தாம் நாள் முதல் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழித்தலும் சீரான எடை ஏற்றமும் போதிய பாலுக்குச் சான்றுகளாகும். இவை அமைந்தபின், மருத்துவரின் ஒப்புதலுடன், குழந்தை தானே விழிக்கும்வரை காத்திருக்கலாம்.

மருத்துவ உதவி

இந்தியாவில் 2011 ஆம் ஆண்டு தொடங்கிய இல்லம்சார் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தின்படி, மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆம் நாட்களில் நலப்பணியாளர் வீட்டிற்கு வந்து பார்க்கவேண்டும். எழுப்பியும் பால் அருந்தாமை, உடல் துவளுதல், காய்ச்சல் அல்லது உடல் குளிர்தல், உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளாதல் ஆகியவை தோன்றினால் அந்நாட்களுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.