சீல் மாற்றியும் ஒழுகுகிறதா? புஷ்ஷைப் பாருங்கள்

காத்தான்குடியிலிருந்து கொழும்பு போய்த் திரும்பினால் 600 கிலோமீற்றருக்கு மேல். லொறி கராஜில் நின்றால் சரக்கும் நிற்கும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் பரவலாகத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளையே ஓட்ட வேண்டியிருந்தது. அதனால் எமது பகுதி வியாபாரிகளிடம் ஒரு முறைப்பாட்டை அடிக்கடி கேட்கிறேன்: “காக்கா, ஒட்டோ கியரில சீல் மாத்தி ரெண்டு மாசமாகல்ல, திரும்பவும் ஒயில் ஒழுகுது.”

முதலில், ஒட்டோ என்ற பெயரில் ஓடும் எல்லா லொறியும் ஒன்றல்ல. இசுசு எல்ஃபின் ‘ஸ்மூதர்’ உண்மையில் கிளச் உள்ள சாதாரண கியர்பொக்ஸ். கியர் மாற்றுவதை மட்டும் இயந்திரம் செய்கிறது. நான் இங்கே சொல்வது டோர்க் கொன்வேர்ட்டர் உள்ள கியர்பொக்ஸ்களைப் பற்றி.

அதில் கொன்வேர்ட்டரின் கழுத்து, ஒயில் பம்புக்குள் ஒரு மெல்லிய புஷ்ஷில் சுழல்கிறது. இரும்புத் தகட்டின் உட்புறம் வெண்கலம் போன்ற மென்மையான உலோகம் பூசிய வளையம் அது. அதற்கு முன்னால்தான் சீல். புஷ் தேய்ந்தால் கழுத்து ஆடும். ஆடும் கழுத்தை எந்த றப்பர் சீலும் அதிக நாள் தாங்காது. புதுச் சீல் போட்டாலும் அதே கதைதான். ஒயில் குறைந்தபடியே ஓடினால் அழுத்தம் விழுந்து கிளச் தட்டுகள் கருகும். அப்போது செலவு வேறு கணக்கு.

புஷ்ஷின் விலை பெரிதல்ல. கியர்பொக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிது. ஆகவே சீலுக்காக இறக்கும்போதே புஷ்ஷையும் மாற்றச் சொல்லுங்கள். ஒரே கூலி. பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்புவதானால் வண்டியின் பெயர் போதாது, கியர்பொக்ஸ் இலக்கத்தையும் எழுதிக் கொடுங்கள்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கொன்வேர்ட்டர் கழுத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும்; நகம் தடக்கினால் கழுத்தும் தேய்ந்திருக்கிறது, புஷ் மட்டும் மாற்றிப் பயனில்லை. என்ஜினையும் கியர்பொக்ஸையும் நேராகப் பிடிக்கும் டவல் பின்கள் இரண்டும் இருக்கின்றனவா? பின் இல்லாமல் பூட்டினால் மையம் விலகி, புதுப் புஷ்ஷும் ஒரு பக்கமாகத் தேயும். புஷ்ஷைச் சுத்தியலால் நேரே அடிக்க விடாதீர்கள், அளவான கட்டை வைத்து அழுத்த வேண்டும். ஒயில் துளை இருந்தால் துளைக்கு நேரே துளை.

ஷாஃப்ட் நேரடியாகக் கியர்பொக்ஸின் வாலுக்குள் நுழையும் சிறிய வண்டிகளில் பின் புஷ்ஷும் இப்படித் தேயும். என்ஜினை நிறுத்தி, சில்லுகளுக்கு அடை வைத்து, அந்த இடத்தைக் கையால் மேலும் கீழும் அசைத்தாலே தெரிந்துவிடும். பல வண்டிகளில் இதை மாற்றக் கியர்பொக்ஸை இறக்கத் தேவையில்லை, ஷாஃப்டைக் கழற்றினால் போதும். யுனிவர்சல் ஜொயின்டையும் அதே கையோடு பாருங்கள்.

மீண்டும் ஏற்றும்போது கொன்வேர்ட்டர் பம்பின் பல்லில் முழுதாக உட்கார்ந்திருக்க வேண்டும். இடைவெளியோடு போல்ட்டை இறுக்கி இழுத்தால் பம்ப் உடையும். போல்ட் பூட்டுமுன் கொன்வேர்ட்டர் கையால் தடையின்றிச் சுழல்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லுங்கள்.