உங்க டெஸ்க்டாப்... உங்க ராஜ்ஜியம்!

புது பைக் வாங்கினா முதல் வேலையா ஸ்டிக்கர் ஒட்டறோம். ஹாஸ்டல்ல ரூம் கிடைச்சதும் சுவர்ல போஸ்டர். ரெக்கார்டு நோட்டுக்குக்கூட கலர் கலரா அட்டை. ஆனா, தினமும் மணிக்கணக்கா முறைச்சுப் பார்க்கிறோமே... அந்த கம்ப்யூட்டர் திரையை மட்டும் கம்பெனி கொடுத்தபடியே வெச்சிருக்கோம். மிஞ்சிப் போனா வால்பேப்பர்ல நமக்குப் பிடிச்ச ஹீரோ. அவ்வளவுதான்!

லினக்ஸ் பக்கம் ஒரு தடவை எட்டிப் பாருங்க. அங்கே வால்பேப்பர் என்பது வெறும் ஆரம்பம்தான்.

சட்டை மட்டுமில்ல... வீட்டையே மாத்தலாம்!

விண்டோஸ்ல ஸ்டார்ட் மெனு, டாஸ்க்பார் எல்லாம் சிஸ்டத்தோட சேர்த்துத் தைச்ச மாதிரி. லினக்ஸ்ல அப்படி இல்லை. உள்ளே ஓடுற கெர்னல் வேற, நீங்க கண்ணால பார்க்கிற டெஸ்க்டாப் வேற. க்னோம், கே.டி.இ. பிளாஸ்மா, எக்ஸ்.எஃப்.சி.இ., சின்னமன், மேட் என்று ஏகப்பட்ட டெஸ்க்டாப்கள் இலவசமா கிடைக்குது. ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு மூணு போட்டு வெச்சுக்கலாம். பாஸ்வேர்டு கொடுக்கிற இடத்துல எது வேணும்னு தேர்ந்தெடுத்தா போதும். காலைல க்னோம், ராத்திரி பிளாஸ்மா! உங்க ஃபைல்கள் இருந்த இடத்துலயே பத்திரமா இருக்கும்.

எல்லாம் ஸ்டூடன்ட்ஸ் வேலைதான்!

1991-ல் லினக்ஸ் கெர்னலை எழுத ஆரம்பிச்சப்போ லினஸ் டோர்வால்ட்ஸுக்கு வயசு 21. ஃபின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர். 1996-ல் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிச், 'யுனிக்ஸ்ல ஒவ்வொரு புரோகிராமும் ஒவ்வொரு தினுசா இருக்கே, எல்லாத்தையும் ஒரே அழகுல கொண்டு வந்தா என்ன?' என்று யோசிச்சார். பிறந்தது கே.டி.இ.! அது பயன்படுத்தின 'க்யூட்டி' என்ற மென்பொருளின் உரிமம் அப்போ முழுச் சுதந்திரமானதா இல்லை. அது பிடிக்காத மெக்சிகோ இளைஞர்கள் மிகெல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் 1997-ல் க்னோமை ஆரம்பிச்சாங்க.

கவனிச்சீங்களா? பிடிக்கலையா... புலம்பிட்டு உட்காரலை. இன்னொண்ணைச் செஞ்சாங்க!

ஸ்டார்ட் பட்டன் எங்கே சார்?

2011-ல் க்னோம் தன்னோட முகத்தை அடியோடு மாத்தி மூணாவது பதிப்பை வெளியிட்டது. பழைய மெனு, பழைய பேனல் எல்லாம் காலி. லினஸ் டோர்வால்ட்ஸே கடுப்பாகி எக்ஸ்.எஃப்.சி.இ. பக்கம் தாவிட்டார். அர்ஜென்டினாவில் ஒருத்தர் பழைய க்னோமின் நிரலை எடுத்து, 'மேட்' என்ற பேர்ல தொடர ஆரம்பிச்சார். லினக்ஸ் மின்ட் குழு, புது க்னோமின் மேலேயே பழைய பாணியில் 'சின்னமன்' டெஸ்க்டாப்பைக் கட்டியது. ரெண்டும் இன்னைக்கு வரைக்கும் ஜம்முனு ஓடிக்கிட்டு இருக்கு.

அடுத்த வருஷமே, 2012-ல், விண்டோஸ் 8 வந்தது. ஸ்டார்ட் பட்டனைக் காணோம்! உலகம் முழுக்கக் கூச்சல். என்ன செய்ய முடிஞ்சது? 2013-ல் கம்பெனி மனசு வெச்சு 8.1-ல் பட்டனைத் திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் காத்திருந்தாங்க. சிலர் வேற கம்பெனிகளின் குட்டி மென்பொருள்களைப் போட்டு ஒப்பேத்தினாங்க.

ரெண்டு கதைக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் ஓப்பன் சோர்ஸ். அங்கே நீங்க வாடகைக்கு இருக்கறவர். ஆணி அடிக்கணும்னாலும் ஓனரைக் கேட்கணும். இங்கே வீடு உங்களோடது. சுவரையே இடிச்சுக் கட்டலாம்!

களத்துல இறங்குவோமா?

உபுண்டு வெச்சிருக்கீங்கன்னா இந்த வரிசையில் போங்க.

முதல்ல செட்டிங்ஸ். அதில் 'அப்பியரன்ஸ்', 'உபுண்டு டெஸ்க்டாப்' பக்கங்களைப் பாருங்க. லைட்டா, டார்க்கா, பட்டன்களுக்கு என்ன கலர், டாக் இடது பக்கமா கீழேயா, ஐகான் எவ்வளவு பெருசு... எல்லாம் ரெண்டு க்ளிக்.

அடுத்து, 'க்னோம் ட்வீக்ஸ்' என்ற குட்டி புரோகிராம். எழுத்துரு, ஐகான் தீம், ஜன்னலை மூடுற பட்டன் வலது பக்கமா இடது பக்கமா என்பதெல்லாம் இதில் உண்டு. ஐகானுக்கு 'பபிரஸ்' தீம் போட்டுப் பாருங்க, திரையே பளிச்சுனு ஆயிடும். 'எக்ஸ்டென்ஷன்'களும் ஏராளம். ஆனா பத்து இருபதுன்னு அள்ளிப் போடாதீங்க. க்னோம் புதுப் பதிப்பு வரும்போது சிலது மக்கர் பண்ணும்.

அப்புறம் தமிழ்! செட்டிங்ஸில் மொழியை மாத்தினா மெனுக்கள் தமிழ்ல பேசும். தன்னார்வலர்கள் சம்பளம் வாங்காம மொழிபெயர்த்துக் கொடுத்தது. அங்கங்கே ஆங்கிலம் எட்டிப் பார்த்தா, அந்த வேலை உங்களுக்காகக் காத்திருக்குன்னு அர்த்தம். டைப் பண்ண தமிழ்99 விசைப்பலகையும் இருக்கு.

அனிமேஷன் பைத்தியமா நீங்க? பிளாஸ்மா போடுங்க. ஜன்னலைப் பிடிச்சு இழுத்தா அல்வாத் துண்டு மாதிரி ஆடும். 2006-ல் 'காம்பிஸ்' வந்தப்போ எல்லாரையும் வாய்பிளக்க வெச்ச சுழலும் கனசதுர டெஸ்க்டாப், நடுவில் காணாமப் போய், 2024-ல் வந்த பிளாஸ்மா 6-ல் திரும்பவும் வந்திருக்கு.

புள்ளி வெச்சாத்தான் கோலம்!

இனிமேதான் நிஜமான பாடம். உங்க ஹோம் ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோலையும் ஹெச்சையும் சேர்த்து அழுத்துங்க. புள்ளியில் தொடங்கும் பெயரோட மறைஞ்சிருந்த ஃபோல்டர்கள் வரிசையா வெளியே வரும். நீங்க மாத்தின கலர், ஷார்ட்கட் எல்லாம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கு. இதில் பல ஃபைல்கள் சாதாரண டெக்ஸ்ட். திறந்து படிக்கலாம், திருத்தலாம், நண்பனுக்கு அனுப்பலாம்.

ஒரு எழுத்துருவின் அளவை இங்கே கையால் மாத்திப் பாருங்க. சிஸ்டம் எங்கே தேடுது, எதை முதல்ல படிக்குது, எந்த ஃபைலைத் தொட உங்களுக்கு அனுமதி இருக்கு... ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பருக்கு மனப்பாடம் பண்ணின விஷயமெல்லாம் கண் முன்னால உயிரோட நிற்கும். அழகுபடுத்த வந்தவர், சிஸ்டம் எப்படி இயங்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு எழுந்திருப்பீங்க.

ஜாக்கிரதை பாஸ்!

தீம் என்றால் வெறும் படங்கள்னு நினைக்காதீங்க. சிலதுக்குள்ள ஓடக்கூடிய நிரலும் இருக்கும். 2024 மார்ச்சில், கே.டி.இ. ஸ்டோரிலிருந்து ஒருத்தர் இறக்கின 'குளோபல் தீம்' அவரோட ஃபைல்களையே அழிச்சிடுச்சு. சதி எதுவும் இல்லை, தப்பா எழுதின நிரல். சுதந்திரம் என்றால் பொறுப்பும் நம்மோடதுதான்!

அதனால மூணு விஷயம். ஒண்ணு, புராஜெக்ட் ரிப்போர்ட் மாதிரி முக்கியமானதை பென் டிரைவில் காப்பி எடுங்க. ரெண்டு, முடிஞ்சவரை டிஸ்ட்ரோவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே தீம்களை எடுங்க. மூணு, விளையாடறதுக்குன்னே இன்னொரு யூசர் அக்கவுன்ட் ஆரம்பிங்க. அங்கே எதைக் குழப்பினாலும் உங்க அசல் டெஸ்க்டாப் அலுங்காம இருக்கும்.

பரண் மேல இருக்கிற லேப்டாப்!

'என்கிட்ட புது மெஷின் இல்லையே' என்கிறீர்களா? 2025 அக்டோபர் 14-ம் தேதியோட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிஞ்சு போச்சு. நிறைய பழைய மெஷின்கள் விண்டோஸ் 11 கேட்கிற தகுதிக்கு எட்டாது. அதுக்காகக் காயலான் கடைக்குப் போடணுமா என்ன? லினக்ஸ் மின்ட்டுக்குக் குறைந்தபட்சம் 2 ஜி.பி. ராம் போதும், 4 இருந்தா சொகுசு. அதிலும் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு இன்னும் லேசு.

2011-ல் தொடங்கின தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்துல அக்காவோ அண்ணனோ வாங்கினது வீட்டில் தூங்குதா? தூசி தட்டுங்க. அந்த மெஷின்களில் விண்டோஸோட சி-டாக் உருவாக்கின 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது. நம்ம ஊர்ல எத்தனையோ பேர் வீட்டுக்குள்ள லினக்ஸ் ஏற்கெனவே வந்தாச்சு, திறந்து பார்த்தவங்கதான் கம்மி!

இன்ஸ்டால் பண்ண பயமா? பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்கலைன்னா உருவிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஹார்ட் டிஸ்க்கைத் தொடவே தொடாது.

அடுத்த லேப் ஹவரில் பக்கத்து சீட்டுக்காரர் உங்க திரையை எட்டிப் பார்த்து, 'இது என்னடா சிஸ்டம்?' என்று கேட்பார். 'என்னோடது' என்று சொல்லுங்க. அது முழு உண்மையா இருக்கும்!