72-ஐ விட்டு 54-ஐப் பிடித்தவர்கள்

2018 மார்ச்சில் கூகுள் ‘பிரிஸில்கோன்’ என்ற குவாண்டம் சிப்பை அறிவித்தது. அதில் 72 கியூபிட்டுகள், அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகள். ஆனால் அடுத்த ஆண்டு அக்டோபரில் ‘நேச்சர்’ இதழில் வெளியாகி உலகமே பேசிய சோதனை, ‘சிக்கமோர்’ என்ற வேறொரு சிப்பில் நடந்தது. அதில் இருந்தவை 54 கியூபிட்டுகள்தான். அவற்றிலும் ஒன்று மக்கர் செய்ய, மீதி 53-ஐ வைத்தே வேலையை முடித்தார்கள்.

எண்ணிக்கையைச் சொல்லியே பெருமை பேசும் துறையில் எதற்கு இந்தப் பின்வாங்கல்?

பிரிஸில்கோனில் பக்கத்துப் பக்கத்துக் கியூபிட்டுகள் எப்போதும் பிணைந்தே இருந்தன. ஒன்றுக்குக் கட்டளை கொடுத்தால் அடுத்ததும் சலனப்படும். சிக்கமோரில் ஒவ்வொரு இணைக்கும் நடுவே, பிணைப்பை வேண்டும்போது போட்டு வேண்டாதபோது அணைக்கும் ‘கப்ளர்’ என்ற சுற்றை வைத்தார்கள். 54 கியூபிட்டுகளுக்கு 88 கப்ளர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுப்பாட்டுக் கம்பி வேறு. கியூபிட் குறைந்தது, கம்பி கூடியது, கணக்கின் துல்லியம் ஏறியது. குவாண்டம் வன்பொருள் குழுவை நடத்துவதில் பாதி வேலை, எதை இப்போதைக்குக் கைவிடுவது என்று முடிவு செய்வதுதான்.

கூகுளின் அந்தக் குழுவுக்கு அப்போது தலைவர் ஜான் மார்ட்டினிஸ். சாண்டா பார்பராவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அவர், 2014-ல் தன் ஆய்வுக் குழுவோடு கூகுளில் சேர்ந்தவர்.

பத்திரிகைகளில் குவாண்டம் கணினி என்று வருகிற பொன்னிறச் சரவிளக்குப் படம் உண்மையில் குளிரூட்டும் கருவி. கணினி என்பது அதன் அடியில் இருக்கும் சிறு சிப். அது கிட்டத்தட்ட மைனஸ் 273 டிகிரி செல்சியஸில் இருந்தாக வேண்டும். மேலிருந்து இறங்கும் கம்பிகள் அறையின் வெப்ப இரைச்சலையும் கூட்டிவந்துவிடும் என்பதால், தட்டுக்குத் தட்டு அதை மட்டுப்படுத்தும் உதிரிகளைப் பொருத்துகிறார்கள். உள்ளே ஒரு கனெக்டர் தளர்ந்தால் கதை கந்தல்: கருவியைச் சூடாக்கி, திறந்து, சரிசெய்து, மறுபடி குளிர்வித்து எடுப்பதற்குள் நாள்கள் ஓடிவிடும். அந்த ஒரு கோளாறுக்காக உடனே திறப்பதா, இன்னும் நாலு சேரட்டும் என்று காத்திருப்பதா என்பதைத் தலைவர்தான் சொல்ல வேண்டும்.

இதில் ஆளுக்கொரு நியாயமும் உண்டு. கியூபிட்டை வேகமாக இயக்க வலுவான கட்டுப்பாட்டுக் கம்பி வேண்டும் என்பார் மைக்ரோவேவ் பொறியாளர். அதே கம்பி வழியாகத்தான் கியூபிட்டின் ஆற்றல் கசிகிறது என்பார் சிப் வடிவமைப்பாளர். இருவர் சொல்வதும் சரிதான்.

சிக்கமோர் ஒரு கணக்கை 200 விநாடியில் முடித்ததைச் சாதனை என்று கூகுள் கொண்டாடியதும், சூப்பர் கணினிக்கு அது இரண்டரை நாள் வேலைதான் என்று ஐபிஎம் மடக்கியதும் பழைய செய்தி. சாதித்த ஆறே மாதத்தில், 2020 ஏப்ரலில், மார்ட்டினிஸ் விலகினார். தலைமைப் பொறுப்பிலிருந்து ஆலோசகர் நிலைக்கு மாற்றப்பட்டதாக அவரே சொன்னார். 2025-ல் இயற்பியல் நோபல் பரிசை ஜான் கிளார்க், மிஷேல் டெவோரே ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். பரிசு அறிவிக்கப்பட்டபோது டெவோரே இருந்ததோ, மார்ட்டினிஸ் விட்டுப்போன அதே கூகுள் குழுவில்!

தலைவர் போனாலும் குழு தேங்கிவிடவில்லை. 2024 டிசம்பரில் வந்த ‘வில்லோ’ சிப்பில் 105 கியூபிட்டுகள். கியூபிட்டுகளை 3×3, 5×5, 7×7 கட்டங்களாகப் பெரிதாக்க, ஒவ்வொரு படியிலும் பிழை பாதிக்கும் கீழே குறைந்தது. பெரிதாக்கினால் பிழையும் பெருகும் என்ற பழைய தலைவலிக்கு இது நல்ல பதில்.

இந்தியாவிலும் இந்த வேலை தொடங்கிவிட்டது. மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் இத்துறைக் குழுவை நடத்தும் ஆர். விஜய், யேல் பல்கலைக்கழகத்தில் டெவோரேயிடம் முனைவர் பட்டம் பெற்றவர். 2024-ல் சோதிக்கப்பட்ட ஆறு கியூபிட் கருவியின் சிப் அங்கே உருவானது. கட்டுப்பாட்டுக் கருவிகள் புனேயிலுள்ள டிஆர்டிஓ ஆய்வகத்துடையவை. மேகக் கணிமை இணைப்பு டிசிஎஸ் நிறுவனத்துடையது. 6,003 கோடி ரூபாய் தேசிய குவாண்டம் திட்டத்தின் இலக்கு, எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 கியூபிட் வரை. அதற்கு இயற்பியல் முனைவர்கள் மட்டும் போதாது. மைக்ரோவேவ் பாடத்தை ‘அரியர் விழாமல் தாண்டினால் சரி’ என்று நினைக்கும் பொறியியல் மாணவர்கள், அதைக் கொஞ்சம் ஊன்றிப் படிக்கலாம்.